வரப்பில் நின்ற சக்கரம்

ஆசான் என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் இளவட்டமாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. செல்லக்கனிக்கு நாற்பது வயது. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்துச் சாலையில் டீசல் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த தவசிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது.

டீக்கடையில் சிரித்தார்கள். பல் விழுகிற வயதில் பள்ளிக்கூடம் போகிறாரே என்று கேலி பேசினார்கள். தவசிமுத்து காதில் வாங்கவில்லை. அவருடைய அவசரம் அவருக்கு.

முதல் நாள் அவர் சீடனாகச் சேர வரவில்லை. ஒரு வண்டி செய்து தரச் சொல்லித்தான் வந்தார். பம்புசெட் எஞ்சினில் ஓடுகிற மூன்று சக்கர வண்டி. உப்பளத்து வரப்பில் போக வேண்டும், மூட்டை ஏற்ற வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடைப்பதில்லை.

செல்லக்கனி கையைத் துடைத்துக்கொண்டே, "யாருக்கு?" என்றாள்.

"எம் மகளுக்கு."

"மகளுக்கா? அப்போ நான் செஞ்சு தர மாட்டேன். சொல்லித் தாரேன், உங்க கையால நீங்களே செய்யுங்க அண்ணாச்சி."

அவளை மேஸ்திரியம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அன்று முதல் அவரும் அப்படியே கூப்பிட்டார். வெல்டிங் பிடிக்கக் கற்றார், கண் வீங்கி நின்றார், கையைச் சுட்டுக்கொண்டார். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

தவசிமுத்துவுக்கு ஒரு காலத்தில் சொந்தமாகச் சின்ன உப்பளம் இருந்தது. மூத்தவள் பொன்செல்வி பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவரோடு பாத்தியில் இறங்கினாள். இளையவன் ராஜதுரை இறங்கவில்லை. திருநெல்வேலியில் செல்போன் கடை வைத்தான், சறுக்கினான். அப்பா முட்டுக் கொடுத்தார். லோடு வேன் எடுத்தான், அதிலும் சறுக்கினான். மறுபடியும் முட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு சறுக்கலுக்கும் பொன்செல்வியின் கல்யாணப் பேச்சு தள்ளிப்போயிற்று. ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதே இல்லை.

கடைசியில் உப்பளமே போயிற்று. விற்பதற்கு முன்னால் பொன்செல்வி ஒரே ஒரு தடவை, "விக்காதீங்கப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னாள். அவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு விற்றார்.

இப்போது அவள் அதே அளத்தில் கூலிக்கு உப்புச் சுமக்கிறாள். முழங்கால் போய்விட்டது. இந்தப் பருவம் முடிந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே உட்கார்ந்து செய்கிற வேலையாம். போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது. அளத்தை விற்றதில் மிஞ்சியது பழைய பம்புசெட் எஞ்சின் ஒன்றுதான். அதை வைத்து அவள் தலைச்சுமையை இறக்கிவிட்டால் இருந்துவிடுவாள் என்று நம்பினார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வண்டி முடிந்ததும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வண்டியின் இரும்புச் சட்டம் முடிந்து எஞ்சினை ஏற்றிய அன்று அவர் கேட்டார்.

"எஞ்சின் ஓட்டத்தைச் சக்கரத்துக்கு எதுல கொண்டுபோறது மேஸ்திரியம்மா? செயினா, பெல்ட்டா?"

செல்லக்கனி மூலையில் கிடந்த ஒரு பழைய செயினை எடுத்து அவர் கையில் வைத்தாள். உப்பளத்தில் ஓடிய செயின் அது. மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. துரு அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. பெல்ட்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். அது கையிலிருந்தே வழுக்கிற்று.

எஞ்சின் பக்கம் மட்டும் மூடி போட்டு பெல்ட் வைக்கலாம் என்றாள். சக்கரத்துப் பக்கம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பின் சக்கரம் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிக் கட்டிவிடுவது. இரண்டும் சேர்ந்துதான் சுற்றும், திருப்பும்போது முரண்டு பிடிக்கும், டயர் தேயும். இன்னொன்று, பழைய சரக்கு ஆட்டோவின் டிஃபரென்ஷியல் பெட்டியை நடுவில் வைப்பது. அது ஓட்டத்தை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். வளைவில் எந்தச் சக்கரம் அதிகம் ஓட வேண்டுமோ, அதை ஓட விடும்.

தவசிமுத்து யோசிக்கவே இல்லை. "பெட்டியே இருக்கட்டும். ஒண்ணோட ஒண்ணைக் கட்டிப்போட்டா எப்படி? அதது தேவைக்கு ஏத்த மாதிரி குடுக்குறதுதான நியாயம்."

"நியாயமா?" என்றாள் செல்லக்கனி.

பெட்டியைப் பொருத்தி முடிந்ததும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பினார்கள். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றின.

ஒரு பலகையை அவர் கையில் கொடுத்து, வலது சக்கரத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அவர் பிடித்தார். வலது சக்கரம் நின்றது. உடனே இடது சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றியது.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடுது. வளைவுல சொகமாத் திரும்பும்."

"வேற?"

"வேற என்ன இருக்கு?"

செல்லக்கனி எஞ்சினை அணைத்தாள். தவசிமுத்து பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல பெட்டி, கெட்டிக்காரப் பெட்டி என்று அதைத் தட்டிக்கொடுத்தார். பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்தார், பாவம்.

பருவம் முடிகிற வாரத்தில் வண்டி முடிந்தது. நீலப் பெயிண்ட் அடித்து, முன்னால் ஒரு தகடு வைத்து, பெயர் எழுத இடம் விட்டிருந்தார். அவள் வந்து பார்த்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணம். மறுநாள் காலையில் அவர் ஓட்ட, செல்லக்கனி பின்னால் உட்கார்ந்துகொள்ள, வண்டி உப்பளத்துக்குப் போனது.

பொன்செல்வி தலையில் உப்புப் பெட்டியோடு உப்புக் குவித்திருந்த அம்பாரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பெட்டியைக் கொட்டிவிட்டு, சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எஞ்சின் மேல் கை வைத்ததும் அவள் முகம் மாறியது.

"நம்ம எஞ்சின்லா இது."

"நம்ம எஞ்சின்தான்."

அவள் முன்னால் இருந்த வெற்றுத் தகட்டைப் பார்த்தாள். "தம்பிக்காப்பா? தண்ணி கேன் யாவாரம் பண்ணப் போறேன்னு சொன்னான். அவனுக்கு நல்லா இருக்கும்."

அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் தவசிமுத்துவுக்குத் தாங்கவில்லை. இந்த வண்டி தனக்காக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை.

"உனக்குத்தான் பிள்ள செஞ்சேன்."

அவள் நம்பாமல் செல்லக்கனியைப் பார்த்தாள். செல்லக்கனி ஆமாம் என்று தலையசைத்தாள். பொன்செல்வி எஞ்சின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பஸ் என்றும், கம்பெனியில் பேசி முடித்தாகிவிட்டது என்றும் மெதுவாகச் சொன்னாள்.

அவர் அவசரப்பட்டார். ஏற்றிக் காட்டினால் மனசு மாறிவிடும் என்று நினைத்தார். கூலியாட்கள் கைகொடுக்க, மூட்டைகளைப் பின்னால் அடுக்கினார். எஞ்சினைக் கிளப்பி வரப்பில் விட்டார். வண்டி நன்றாகத்தான் போனது. பாத்தி முனையில் சொகமாகத் திரும்பவும் செய்தது. திரும்பி முடிக்கிற இடத்தில் வரப்பின் ஓரம் இளகிக் கிடந்தது. இடது பின் சக்கரம் சேற்றில் இறங்கியது.

அவர் ஆக்சிலரேட்டரைத் திருகினார். இடது சக்கரம் வேகமாகச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. வண்டி அசையவில்லை.

இறங்கிப் பார்த்தார். வலது சக்கரம் கெட்டியான வரப்பில் அப்படியே நின்றிருந்தது.

"இது ஏன் சுத்தல மேஸ்திரியம்மா? உடைஞ்சிட்டா?"

"உடையல. நல்லா ஊனி நிக்கி."

"நல்லா நிக்கிறதுதான வண்டிய இழுக்கணும்?"

"இழுக்கும். அதுக்கு ஒண்ணும் போய்ச் சேரலியே. சறுக்குற சக்கரம் லேசாச் சுத்துது, எல்லாத்தையும் அதுவே வாங்கிக்கிடுது."

"அப்போ இன்னும் கொஞ்சம் குடுத்தா?"

"குடுத்துப் பாருங்க."

அவர் ஏறி உட்கார்ந்து கொடுத்தார். இன்னும் கொடுத்தார். எஞ்சின் கருப்பாகப் புகை கக்கியது. எவ்வளவு கொடுத்தாலும் இடது சக்கரம்தான் வாங்கியது, வாங்கிய அளவுக்கு ஆழத்தில் போனது. அச்சு சேற்றில் உட்கார்ந்தபோதுதான் அவர் கையை எடுத்தார்.

இறங்கி வந்து வலது சக்கரத்தின் பக்கம் குந்தினார். அதில் சேறு ஒரு சொட்டுப் படவில்லை. புது டயரின் ரப்பர் முடி கூட உதிரவில்லை. பட்டறையில் அவரே பலகை வைத்து அழுத்திப் பிடித்த சக்கரம் அது. நிமிர்ந்து மகளைப் பார்க்க முடியவில்லை.

பொன்செல்வி யாரும் சொல்லாமலே சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். வண்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தலைக்குச் சரித்து நடந்தாள்.

"வேண்டாம் பிள்ள, முழங்கால் வலிக்கும்."

"இருக்கட்டும்ப்பா. வண்டி தாந்துக்கிட்டே போவுதுல்லா."

கூலியாட்களும் ஆளுக்கு ஒன்று தூக்கினார்கள். கடைசி மூட்டையையும் அவள்தான் இறக்கினாள். வண்டி கொஞ்சம் மேலே எழும்பியது. செல்லக்கனி சேற்றில் இறங்கி, இடது சக்கரத்தின் பிரேக் கம்பியைக் இடுக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டாள். லேசாகக் கொடுக்கச் சொன்னாள். அவர் கொடுத்தார். இடது சக்கரம் சுற்ற முடியாமல் முனகியது. இவ்வளவு நேரம் சும்மா நின்ற வலது சக்கரம் மெல்ல உருண்டது. வண்டி ஏறி வரப்புக்கு வந்தது.

பொன்செல்வி மண்ணைத் தட்டிக்கொண்டு எஞ்சினை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். "ஓட்டம் நல்லா இருக்கு. இதையாவது விக்காதீங்கப்பா."

பிறகு துணிமணி எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து வரப்பில் நடந்து போனாள். அவர் கூப்பிடவில்லை.

அவள் சாலையில் ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தவசிமுத்து கேட்டார்.

"அந்தச் சறுக்குற சக்கரத்துக்குத் தனியா ஒரு பிரேக் பிடி வச்சிரலாமா, மேஸ்திரியம்மா?"

"வச்சிரலாம்."

"அதை எப்பப் பிடிக்கணும்?"

செல்லக்கனி இடுக்கியைக் கழுவி மடியில் துடைத்தாள்.

"சறுக்க ஆரம்பிச்ச ஒடனே பிடிக்கணும் அண்ணாச்சி. அச்சு வரைக்கும் தாந்த பொறவு பிடிச்சா, சுமையை எறக்க இன்னொருத்தர் தலை வேணும்."