பாதியில் நின்ற ஆட்டம்

ஓய்வுபெற்ற தாசில்தார் ஏகாம்பரத்துக்கு, மகன் இறந்து இரண்டு வருஷமாகியும் கோபம் ஆறவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனதும் மெக்கானிக் செவந்தியை வரவழைத்து அதட்டினார்: “அவன் கேம் ஆடி ஆடியே இதைத் தேய்ச்சுட்டான்னு எழுதிக் கொடு. வாங்கிக் கொடுத்த இவளுக்கு உறைக்கட்டும்.” அவர் மனைவி தலைகுனிந்தாள்.

“எழுதுறேங்கய்யா. முதல்ல இதை மோந்து பாருங்க.” செவந்தி உள்ளிருந்த ஃபேனைக் கழற்றி நீட்டினாள். “கேம் ஆடினா சூடாகும், ஃபேன் ஆத்திடும். அந்த ஃபேனையே இந்தப் பிசுக்கு அடைச்சிருக்கு.”

மோந்தார். சாம்பிராணி வாசம். திரையில் மகன் படத்தை வரவைத்து, தினமும் அதன்முன் புகை காட்டியவர் அவர்தான்.

“எழுதட்டுங்களாய்யா?”

ஃபேனை அவளிடம் திருப்பிக் கொடுத்தவர் கேட்டார்: “அவன் பாதியில விட்ட ஆட்டம் உள்ள இருக்குமாம்மா?”