ஏறி வரும் வண்டி

மாசிலாமணிக்கு அறுபத்தொரு வயது. ரயில்வேயில் நேர அட்டவணை போட்டே காலம் தள்ளியவர். ஓய்வுக்குப் பிறகு மலையில் குடியேறி, பவளக்கொடியிடம் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்துநாலுதான். ஆனால் அந்த மலைப்பாதையில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாத்தியாரம்மா என்றே கூப்பிடுவார்.

சனிக்கிழமை காலை அவளிடம் ஒரு தாளை நீட்டினார்.

"நாளைக்கு என் மக வர்றா, வாத்தியாரம்மா. ஆறு மணி பஸ்ல வந்து பன்னிரண்டு மணி பஸ்ல போயிடுவா. அரை நாள்ல மலையைச் சுத்திக் காட்டணும். திட்டம் சரியா இருக்கா பாருங்க."

மகள் குழலி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, நாலு வருடமாக அவர் அவளோடு பேசவில்லை. போன வாரம் அவளே போன் செய்தாள். அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதையும் கெடுத்துக்கொண்டால் அவள் இனி வரவே மாட்டாள் என்று பயம்.

தாளில் ஒன்பது இடங்கள். அருவி ஏழு பத்துக்கு, மிளகுத் தோட்டம் ஏழு முப்பத்தைந்துக்கு. மூச்சுவிட இடமில்லை. பவளக்கொடியின் விரல் ஒரு வரியில் நின்றது.

"ஒன்பது நாப்பது, பாறைமுனை. கல்யாண விஷயம் பேசுவது, பத்து நிமிடம். பேசப்போறது யாரு சார்?"

"நான்தான். அவ செஞ்சது தப்புன்னு ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா?"

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

"வண்டியை எடுங்க. ஓட்டிப் பார்த்துடலாம்."

இறக்கத்தில் நாலாவது வளைவு. கீழேயிருந்து பலாப்பழ லாரி ஒன்று முக்கி முனகி ஏறி வந்தது. மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார். ஹாரனை அழுத்தியபடி ஜீப்பை முன்னால் விட்டார்.

லாரி நின்றது. நின்ற வேகத்தில் பின்னால் சரியத் தொடங்கியது. கிளீனர் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்.

"பின்னால எடுங்க சார்," என்றாள் பவளக்கொடி. குரல் உயரவில்லை.

ஜீப் ஓரத்தில் ஒதுங்கியது. லாரி ஒரு தடவை உறுமி அடங்கியது. இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை புகையைக் கக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. கடக்கும்போது டிரைவர் கையை உயர்த்திவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாசிலாமணிக்கு.

"ஏறி வர்ற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்னு முதல் நாளே சொன்னேனே."

"ஏன்னு சொல்லலையே, வாத்தியாரம்மா."

"இப்பப் பார்த்தீங்கல்ல? பாதியில நின்னுட்டா, மறுபடி கிளப்புறது பெரிய பாடு."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி ஒதுங்கி நிக்க அட்டவணையில நேரமே வைக்கலையே. எந்த இடத்தை வெட்டட்டும்?"

பவளக்கொடி தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு ஏறி வர்றது யாரு சார்?"

மாசிலாமணி பேனாவை எடுத்து, ஒன்பது நாற்பது வரியில் கல்யாணப் பேச்சை மட்டும் அடித்தார்.

"அப்போ பாறைமுனையில நான் என்ன செய்யட்டும்?"

"ஓரமா நின்னு வழி விடுங்க சார்."