ஐஸ் கட்டிய முழங்கால்

அரையிறுதி ஆட்டத்தில் பேச்சியம்மாளின் வலது முழங்கால் திருகிக்கொண்டது. இறுதி ஆட்டம் அன்று மாலையே. மாநிலக் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் நேரில் வந்திருந்தார்கள். அவள் ஆடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அணியின் பிசியோதெரபிஸ்ட் ரெஜினா. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவன் இசக்கிமுத்து, பழைய ஆட்டக்காரன். ரெஜினா நடுவரைப் பார்க்கப் போன நேரத்தில் இவன் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் வாங்கி வந்து, துண்டு சுற்றினால் குளிர்ச்சி குறையும் என்று வெறும் தோலிலேயே வைத்து இறுக்கிக் கட்டிவிட்டான். கபடிக்காரன் புத்தி அது. பிடித்தால் விடமாட்டான்.

ரெஜினா வந்ததும் கட்டை அவிழ்த்தார். தோல் வெளுத்துப் போயிருந்தது. நல்லவேளை, புண்ணாகவில்லை.

"எப்போ கட்டின?"

"நீங்க அங்கிட்டு போனதுமே மேடம்."

அவருக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஐஸ் எதுக்கு வைக்கோம்?"

"ரத்தக்குழாய் சுருங்கும். மூட்டுக்கு ரத்தம் வாரது குறையும். வீக்கம் ஏறாது."

"வேற என்ன குறையும்?"

"வலி. நீங்களே கேளுங்க."

பேச்சியம்மாள் காலை நீட்டி மடக்கிக் காட்டினாள். "வலி சுத்தமா இல்லக்கா. நான் ஆடிருவேன்."

"ஆட்டம் தொடங்க விசில் அடிக்குத வரைக்கும் கட்டியே வைப்போம் மேடம்," என்றான் இசக்கிமுத்து. "வலியே இல்லாத காலை ஏன் உட்கார வைக்கணும்?"

ரெஜினா மிச்ச ஐஸை வாளித் தண்ணீரில் கொட்டினார்.

"ரெண்டு கையையும் உள்ள விடு. நான் சொல்லுத வரைக்கும் எடுக்காத."

முதலில் அவன் பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"இப்போ எப்படி?"

"வலி போயிட்டு மேடம். ஒண்ணுமே தெரியல."

"எடு. சட்டை மேல் பொத்தானைப் போடு."

விரல்கள் விறைத்திருந்தன. பொத்தான் எங்கே இருக்கிறது என்றே அவற்றுக்குப் பிடிபடவில்லை. இருமுறை நழுவியது. குனிந்து பார்த்துப் போட முயன்றான். அப்போதும் வழுக்கியது. பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"முடியல மேடம்."

"வலிக்கா?"

"இல்ல."

"வலிதான் இல்லையே. போடு."

பேச்சியம்மாளின் சிரிப்பு நின்றது. கண் கலங்க, காலை மெல்லத் தூக்கிப் பெஞ்சின் மேல் நீட்டிக்கொண்டாள். "உணர்ச்சியும் குறையும் மேடம்," என்றான் இசக்கிமுத்து, விறைத்த விரல்களைப் பார்த்தபடி.