புங்கந்தேன் கூடு

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு மருதமரப் பொந்து. அதில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. சுற்றிலும் புங்கமரங்கள் சித்திரை வெயிலில் பூத்துக் கொட்டின.

ஒருநாள் கரடி வந்தது. கூட்டைப் பிய்க்காமல் போகட்டும் என்று ராணித் தேனீ கொஞ்சம் தேனைக் கொடுத்தாள். கரடி நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"அடடா! ஒரே பூவின் தேன்! சுத்தமான புங்கம்! இந்தக் காட்டில் வேறெங்கும் இது கிடையாது!"

அவ்வளவுதான், ராணிக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பலபூத் தேனையெல்லாம் வழித்து வெளியே கொட்டச் சொன்னாள். கொழுப்பைப் பாருங்கள்! "இனி வேற்றுப்பூ வாசத்தோடு வருகிறவளை உள்ளே விடாதே!" என்று வாசல் காவல்காரி முத்தாத்தாளுக்கு உத்தரவும் போட்டாள்.

புங்கம் எத்தனை நாள் பூக்கும்? ஒரு கோடைமழையில் பூவெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. இருந்த புங்கந்தேனையும் கரடி மூன்று முறை வந்து, புகழ்ந்து புகழ்ந்தே தின்று தீர்த்தது.

அறைகளில் குஞ்சுப் புழுக்கள் பசியோடு கிடந்தன. அவற்றுக்கு ஊட்டும் வடிவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பறந்துபோய்த் தும்பைப்பூத் தேனை உறிஞ்சி வந்தாள்.

"நில்லுடி! உன்மேல் தும்பை வாசம்!" என்று மறித்தாள் முத்தாத்தாள்.

"பிள்ளைங்க சாகுதுங்கக்கா! வழி விடுங்க!"

"நான் என்னடி செய்வேன்? ராணியம்மா உத்தரவு!"

உள்ளேயிருந்து ராணி கத்தினாள்: "கரடியார் வந்து மோந்தால் நம் பெயர் என்ன ஆவது? விரட்டு அவளை!"

தொடர்ந்து மூன்று நாள் வடிவு தேனோடு வந்தாள். மூன்று நாளும் விரட்டினார்கள்.

நான்காம் நாள் பாறையோரம் கரடியைப் பார்த்தாள். எள்ளும் தும்பையும் முருங்கையும் கலந்த தேனை, மெழுகோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது.

"கரடியாரே! உங்களுக்குப் புங்கம் மட்டும்தானே பிடிக்கும்?"

"யார் சொன்னது? கொடுத்தார்கள், புகழ்ந்தேன்! பசித்தால் எந்தத் தேனும் தேன்தான்!"

வடிவு பறந்துவந்து வாசலில் நின்றே அதைச் சொன்னாள். ராணி கூனிக்குறுகிப் போனாள். "விடுங்கள் அவளை! எந்தப் பூவானாலும் வரட்டும்!"

வடிவு உள்ளே ஓடினாள். ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள். அவள் வயிறு நிறையத் தேன் இருந்தது. அதை வாங்க ஒரு வாய்கூட அசையவில்லை.

"ஐயோ, நான் பெற்ற செல்வங்களே!" என்று ராணி அலறினாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பிறர் வாயால் புகழ் கேட்பதற்காகப் பெற்ற பிள்ளையின் வாயைக் கட்டுகிறவர்களுக்குக் கடைசியில் அந்தப் புகழும் மிஞ்சாது, பிள்ளையும் மிஞ்சாது.