தெரிந்ததைக் கேட்டால்

வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அங்கயற்கண்ணி தன் வழிகாட்டியிடம் கேட்டாள்.

"தெரியாததைக் கேட்டுட்டாங்கன்னா என்ன செய்யறது மேடம்?"

ஜெயசீலி ஆய்வேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரிஞ்சதைக் கேட்டா என்ன செய்வீங்க டீச்சர்?"

"சொல்லிடுவேன்."

"சரி" என்று பக்கத்தைப் புரட்டினாள் ஜெயசீலி.

மாணவிக்கு வயது நாற்பத்தாறு. வழிகாட்டிக்கு முப்பத்தேழு. உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வரலாறு நடத்திய அங்கயற்கண்ணி, இரண்டு வருட விடுப்பில் எம்.எட். படிக்க வந்திருந்தாள். "அம்மா ஃபெயிலானா நான் கையெழுத்துப் போடறேன்" என்று மகன் தினமும் கேலி செய்தான். அவளும் சிரிப்பாள். ஆனால் விடியற்காலையிலேயே விழிப்புத் தட்டிவிடும்; எழுந்து ஆய்வேட்டைப் புரட்டுவாள். வகுப்பில் எழுந்து நின்று "தெரியாது" என்று சொன்ன எத்தனையோ பிள்ளைகளை அவள் நிற்கவைத்திருக்கிறாள்.

பத்தாம் வகுப்பை முடிக்காமல் நின்றுபோன பெண்பிள்ளைகளைப் பற்றியது ஆய்வு. மூன்று ஊர்களில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்திக்கும் நான்கு பக்கம். யார் பெயரும் உண்மைப் பெயர் இல்லை. ஊர்ப் பெயரும் கிடையாது.

முதல் வரைவில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம்தான் இருந்தது. அதன் ஓரத்தில் ஜெயசீலி சிவப்பு மையால் எழுதினாள்: விவரம் போதாது. அங்கயற்கண்ணி மறுபடியும் பஸ் ஏறினாள். விவரம் சேர்த்தாள்.

ஜெயசீலி இப்போது ஏழாவது பெண்ணிடம் நின்றாள். நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தாள்.

அந்தப் பெண் வீட்டில் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். உண்மையில் தையல் வகுப்பில் கால் மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு, பக்கத்துத் தெரு டுடோரியலுக்குப் போய்விடுவாள். ஏப்ரலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறாள். அண்ணனுக்குத் தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அவன் சொன்னால் சொன்னதுதான். அக்காளுக்கு அப்படித்தான் நடந்தது.

"எழுதாதீங்கன்னு சொல்லலை டீச்சர். என் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். சொல்லும்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதில் நுழையவே இல்லை.

"பேரை மாத்திட்டீங்க" என்றாள் ஜெயசீலி.

"ஆமா மேடம். 'மல்லிகா'ன்னு."

"எத்தனை காப்பி?"

"அஞ்சு. ஒண்ணு அவ படிச்ச பள்ளிக்கூடத்துக்கு. அனுமதிக் கடிதத்துல அப்படித்தான் கேட்டிருந்தாங்க. நானும் தர்றேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஜெயசீலி ஏழாவது பெண்ணின் முதல் தாளை மட்டும் உருவினாள். 'பின்னணி' என்ற தலைப்பில் குடும்ப விவரம் மட்டும் இருந்த தாள். டுடோரியல் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

"மெயின் கேட்டுக்கு எதிர்ல பிச்சாண்டி பைண்டிங் கடை இருக்குல்ல? இதைக் காட்டி, ஓரத்துல விட்ட இடம் தையலுக்குப் போதுமான்னு கேட்டுட்டு வாங்க."

"அதுக்கு இந்தத் தாள் எதுக்கு மேடம்?"

"கேட்டுட்டு வாங்க டீச்சர்."

பிச்சாண்டிக்கு ஒரு வழக்கம். பைண்டிங்குக்கு வரும் எதையும் படிக்காமல் தைக்கமாட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். கைகளில் மைதாப் பசை காய்ந்து தோல்போல உரிந்துகொண்டிருந்தது.

"வாங்க டீச்சர். இருநூறு பேரை டாக்டராக்கியாச்சு இந்தக் கையால. என் முட்டி வலிக்கு ஒருத்தனும் மருந்து சொல்ல மாட்டேங்கறான்."

ஓரத்தை விரலால் அளந்தார். "தாராளமாப் போதும்." கண் தாளிலேயே ஓடியது. பாதிப் பக்கத்தில் நின்றது. சிரித்தார்.

"அட, இது நம்ம பக்கத்தூர்ப் பொண்ணுல்ல!"

ஒரு பெயரைச் சொன்னார். சரியான பெயர்.

அங்கயற்கண்ணி தாளுக்குக் கை நீட்டினாள்.

"அது... மல்லிகான்னு ஒரு..."

"மல்லிகாவாவது முல்லையாவது. இந்த மரம் நிக்கிற வாசல் எங்க பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான். அண்ணன்காரன் ஓட்டற வண்டியைப் போட்டிருக்கீங்க. பள்ளிக்கூடத்துக்கு அவ வாங்கிக் கொடுத்த கப்பைப் போட்டிருக்கீங்க. இதுக்கு மேல என்ன, போட்டோவா ஒட்டணும்?" தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மீதி எங்க?"

"எது மீதி?"

"அடுத்த பக்கம். அவளைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

அவள் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்றேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ரொம்ப சந்தோஷப்படுவான். பள்ளிக்கூடக் கமிட்டியில வேற இருக்கான் அவன்!"

சாலையைக் கடக்கும்போது ஒரு டவுன் பஸ் அவளை உரசினாற்போல் நின்றது. டிரைவர் திட்டியது காதில் விழவில்லை.

அறைக்கு வந்து, உட்காராமலே சொன்னாள். "பேரையே சொல்லிட்டாரு மேடம். அவ பேரு..."

ஜெயசீலி கையை உயர்த்தினாள். "எனக்கு வேண்டாம்."

"அண்ணன்கிட்ட சொல்றேங்கறாரு."

ஜெயசீலியின் முகம் மாறியது. பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"பிச்சாண்டி அந்த ஊர்ப் பக்கத்துலேருந்து வர்றவர்னு தெரியும். ஒரு தாள்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்றாள். "நீங்களும் இப்படித்தான் நினைச்சிருப்பீங்க, இல்ல? ஒவ்வொரு விவரமா சேர்க்கும்போது."

அங்கயற்கண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"விவரத்தை மாத்தி எழுதிடட்டுமா மேடம்? அந்த மரத்துக்குப் பதிலா வேற மரம்."

"எந்த மரம்?"

"ஏதாவது ஒண்ணு. புளிய மரம்."

"புளிய மரம் நிக்கிற வாசல்ல ஒரு பொண்ணு இருப்பாளே டீச்சர்."

அங்கயற்கண்ணி யோசித்தாள். இருந்தாள். அதே ஊரில், கடைசித் தெருவில். அவளுக்கும் ஓர் அண்ணன் உண்டு.

"அப்ப ஏழாவதை மட்டும் எடுத்துடறேன்."

"பிச்சாண்டி வந்து, ஏழாவது எங்கன்னு கேட்பார்."

வழிகாட்டி தாள்கள் முழுவதையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

பத்து நாள் அங்கயற்கண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு பேரின் நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் பிரித்துப் போட்டாள். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாசல் தெரிந்தது. ஒருத்தியின் மாமா வேலை பார்த்த கடை. ஒருத்தியின் நெற்றித் தழும்பு. எல்லாம் அவளே ஆசை ஆசையாகச் சேர்த்தவை. ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியில் மிஞ்சியவை காரணங்கள் மட்டும்: தூரம், கழிப்பறை, மாமன் மகன், கேலி, பயம். யாருடைய காரணம் எது என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கலந்து எழுதினாள். எட்டுப் பக்கம் வந்தது. பைண்டிங்கை வேறு ஊரில் செய்துகொண்டாள்.

ஜெயசீலி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் துறையில் வாய்மொழித் தேர்வு கதவைத் திறந்துவைத்துத்தான் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சாதாரணமாக ஜூனியர் மாணவிகள் நான்கு பேர் பிஸ்கட்டுக்காக வருவார்கள்.

அன்று தாழ்வாரத்தில் பிச்சாண்டி நின்றிருந்தார். பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்த மணிக்கட்டு.

"டீச்சர், யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாருங்க. அண்ணன்காரன்!"

அந்த ஆள் கும்பிட்டான்.

"எங்க பாப்பாவைப் பத்தி புஸ்தகத்துல போட்டிருக்கீங்களாமே. கேக்கணும்னு வண்டியை நிறுத்திட்டு வந்தேங்க. கப்பு வாங்கினதைப் போட்டீங்கல்ல?"

"பொதுவா... எல்லாரையும் பத்தி..."

"நல்லா படிக்குங்க. நாந்தான் போதும்னுட்டேன். வயசுப் பொண்ணு." குரலைத் தாழ்த்தினான். "இப்பத் தையலுக்குப் போவுது. எட்டு மாசமாச்சு. ஒரு ரவிக்கை வீட்டுக்கு வந்தபாடில்லை. உங்ககிட்ட எதாச்சும் சொல்லிச்சா?"

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கண் சிரிக்கவில்லை.

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளித் தேர்வாளர் பெரியவர், நிதானமானவர். தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஆய்வு முறை பற்றிக் கேட்டார். சொன்னாள். மூலநூல்கள் பற்றிக் கேட்டார். சொன்னாள். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஒண்ணுதான் இடிக்குது. தனியாள் ஆய்வுன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. ஆளையே காணோமே!"

ஜூனியர் பெண்கள் சிரித்தார்கள்.

"பன்னிரண்டு பேரைப் பார்த்தீங்கல்ல? அதுல ஒருத்தியைப் பத்திச் சொல்லுங்க. பேர் வேண்டாம். எப்படிப்பட்ட வீடு, ஏன் நின்னா, இப்ப என்ன செய்யறா? ஒருத்தி போதும்."

பன்னிரண்டு பேரும் அவள் கண்முன் வந்து நின்றார்கள். வாசல்களோடு, மரங்களோடு. ஏழாவது பெண்ணின் கையிலிருந்த நூல்கூடத் தெரிந்தது. பச்சை நூல்.

சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்லலாம். அந்த ஒருத்திக்கும் ஊர் உண்டு. ஊரில் ஒரு பிச்சாண்டி உண்டு.



"தெரியாது சார்" என்றாள்.

"என்னம்மா?"

"தெரியாது சார்."

"ஒருத்தியைப் பத்திக்கூடவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பில் அவள் நிற்கவைத்த பிள்ளைகள் இப்படித்தான் குனிவார்கள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. "ஊருக்கே போகாம, வீட்டுலேயே உட்கார்ந்து எழுதினதுன்னு நான் எடுத்துக்கலாமா?"



அவர் ஜெயசீலி பக்கம் திரும்பினார். "வழிகாட்டி இதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துமா விட்டீங்க?"

"விவரம் போதும்னு நினைச்சேன் சார்."

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. வெள்ளைச் சட்டை எழுந்துவிட்டது. "என்னய்யா பிச்சாண்டி, ஒண்ணுமே தெரியாத டீச்சரைக் காட்டவா என் பொழப்பைக் கெடுத்துக் கூட்டியாந்தே" என்ற குரல் தாழ்வாரத்தில் தேய்ந்தது. "பாப்பாவைப் பார்த்தே இருக்காதுய்யா இது."

தேர்வாளர் எழுதினார்: களப்பணி நடந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் சமர்ப்பிக்கவும்.

ஜெயசீலி அதன் கீழே கையெழுத்திட்டாள். பேனாவை அங்கயற்கண்ணியிடம் நீட்டினாள். அவளும் இட்டாள்.

எல்லோரும் போனபின் இருவர் மட்டும் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கேட்டைத் தாண்டி, ஒரு கனத்த வண்டி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. அங்கயற்கண்ணி அது தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வீட்டுக்குப் போகிறானா, தையல் வகுப்புக்குப் போகிறானா?

ஜெயசீலி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் எடுக்கவில்லை.

"தேர்வு முடிஞ்சிடுச்சு டீச்சர். பயம் போயிடுச்சா?"

"இல்ல மேடம். காலையில இருந்ததைவிட அதிகமா இருக்கு. எப்பப் போகும்?"

"அது உங்களுது இல்ல. அவ உங்ககிட்ட கொடுத்து வச்சது" என்றாள் ஜெயசீலி. "ஏப்ரல் பரீட்சை வரைக்கும் பத்திரமா வச்சிருங்க."