தலைவர் திறந்துவைத்த காற்றாடி

ஒரு காட்டில், ஊர்க் குப்பைமேட்டை ஒட்டிய சரிவில், ஒரு முயல் தன் மூன்று குட்டிகளுடன் வள்ளிக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தது. மழைக்காலம் முழுக்க அவற்றுக்கு அதுதான் சோறு. அந்தக் கிழங்கின்மேல் ஒரு காட்டுப்பன்றிக்குக் கண்.

"பன்றிக்குத் தகரச் சத்தம் ஆகாது, பிள்ளைகளே. காற்றாடி செய்து தகரத்தைத் தட்டவைப்போம்" என்றது முயல்.

குட்டிகள் குப்பைமேட்டுக்கு ஓடின. காலண்டர் அட்டையைக் கடித்து நான்கு இறக்கை செய்தன. அவற்றை நூல்கண்டுக் கட்டையில் செருகி, கட்டையில் ஒரு கரண்டியையும் கட்டி, உடைந்த குடையின் கம்பியில் மாட்டின. பக்கத்தில் ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டன. சுற்றவில்லை.

"இறக்கையைக் கொஞ்சம் சாய்த்துப் பாரேன்" என்றது கடைக்குட்டி.

சாய்த்தன. சர்ரென்று சுற்றியது. கட்டையோடு சுழன்ற கரண்டி, பக்கத்தில் தொங்கிய தகர டப்பாவை 'டண டண' என்று தட்டியது. பன்றி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

சேதி மயிலுக்கு எட்டியது. அதுதான் காட்டுக்குத் தலைவர். தன் தோகையைத் தவிர வேறெதையும் தூக்கி அறியாத தலைவர்.

"என்னைக் கேட்காமல் காற்றாடியா? போகட்டும், நானே திறந்துவைக்கிறேன்."

"அதுதான் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, தலைவரே!" என்றது முயல்.

"திறக்காமல் சுற்றுவது முறையல்ல!" என்று கத்தியது கழுதை. கத்துவதுதான் அதற்கு உத்தியோகம்.

மறுநாள் தலைவரின் கூட்டம் வந்து காற்றாடியைச் சுற்றி மூங்கில் நட்டு, மயிலின் முகம் வரைந்த துணித் தட்டிகளைக் கட்டியது. காற்று உள்ளே வரவில்லை. காற்றாடி நின்றது.

"தட்டியை அவிழ்த்தால் சுற்றும்" என்றது முயல்.

"தலைவர் முகத்தையா அவிழ்க்கச் சொல்கிறாய்?" என்று சீறியது கழுதை. "கூப்பிடு குரங்கை! பின்னால் ஒளிந்து கையால் சுற்றட்டும்!"

குரங்கு சுற்றியது. மயில் பேசியது. "இந்தக் காட்டுக்குக் காற்றைத் தந்தது யார்? நான்!"

கூட்டம் கைதட்டியது. யாராவது கைதட்டினால் குரங்குக்குக் கை சும்மா இராது, குழந்தைகளே. இறக்கையை விட்டுவிட்டு அதுவும் தட்டியது.

தகரம் ஓய்ந்தது. புதரில் காத்திருந்த பன்றி தோட்டத்துக்குள் பாய்ந்தது. கழுதை ஓடியது. கூட்டம் ஓடியது. எல்லாருக்கும் முந்தி மயில் மரத்தில் இருந்தது.

முயல் ஓடவில்லை. "கயிற்றைக் கடியுங்கள், பிள்ளைகளே!"

நான்கு வாயும் கடித்தன. தட்டி சரிந்து, மயிலின் முகம் பன்றியின் தலையில் விழுந்தது. காற்று புகுந்தது. 'டண டண டண!' பன்றி துணியை உதறிவிட்டு ஓட்டமெடுத்தது. ஒரு பாத்தி போயிற்று. மிச்சக் கிழங்கு தப்பியது.

கிளையில் மயில் தொண்டையைச் செருமியது. "பார்த்தீர்களா? என் படத்தைக் கண்டே பன்றி ஓடிவிட்டது!"

"தலைவர் வாழ்க!" என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தது கூட்டம்.

முயல் அண்ணாந்து பார்த்தது. "இறங்கி வந்து சொல்லுங்கள், தலைவரே. காற்று வரும் பக்கம் மட்டும் நிற்காதீர்கள்."

நீதி: காற்றை மறித்து நிற்பவனே காற்றாடி தன்னுடையது என்பான்.