உப்புத்தாளில் ஒரு தையல்

"மழுங்கின ஊசியைக் கூராக்கினது ஒரு குத்தமா தாயே?"

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் செண்பகம் உள்ளே வந்தாள். கும்பிடக்கூட இல்லை.

உலகம்மைத் தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஆற்றங்கரை மடத்துக்கு அவள்தான் தலைவி. செண்பகத்துக்கு மகள் வயசு இருக்கும். ஆனாலும் அங்கே எல்லாருக்கும் அவள் தாய். நரைத்த தலைக்குத்தான் ஞானம் வரும் என்று எந்தச் சாமியும் எழுதி வைக்கவில்லையே!

"எந்த ஊசி செண்பகம்மா?"

"முப்பிடாதியைத்தான் சொல்லுதேன். மூட்டையைக் கட்டிட்டா. மத்தியான பஸ்ஸுல போறாளாம். என்னாலதான் போறான்னு கூடத்துல எல்லாரும் என்னைய ஒரு மாதிரியாப் பாக்குதாளுக."

கூடம் என்றால் தையல் கூடம். ஆதரவில்லாத பெண்கள் வந்து சேர்கிற மடம் அது. விடியலில் தியானம், விடிந்த பிறகு தையல். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துத்தான் எல்லாருக்கும் சோறு.

அங்கே செண்பகத்தின் கை பெரிய கை. வேலை படு சுத்தம். மனசும் தங்கம். காய்ச்சலில் ஒருத்தி படுத்தால் கஞ்சி வைத்து ஊட்டுகிறவள் அவள்தான். அந்த வாயை மட்டும் சாமி வேறெங்கிருந்தோ வாங்கி வைத்துவிட்டார்.

"என்ன பேசினீங்க?"

"காலரைக் கோணல்மாணலா வச்சா. ஒரு தடவை சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். கேக்கலை. உடுப்பைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன்."

"காட்டி?"

செண்பகம் தரையைப் பார்த்தாள்.

"'இந்தக் கையை வச்சுக்கிட்டு என்னத்தட்டி கிழிச்ச? அண்ணன்காரன் சூடு வச்சதுல தப்பே இல்ல'ன்னு சொல்லிட்டேன்."

தாயின் கை கீரையில் அப்படியே நின்றது.

முப்பிடாதி தாலி அறுத்தபின் அண்ணன் வீட்டுக்குப் போனவள். அங்கே வாங்கிய சூடு ஆறாத கையோடுதான் மடத்துப் படியேறினாள். இங்கிருந்து போனால் அந்த வீட்டைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது. செண்பகத்துக்கும் இது தெரியும். அந்தக் கைக்கு மருந்து போட்டவளே அவள்தான்.

"கோவத்துல வந்துட்டு தாயே. ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் காலரை எப்படி வச்சா தெரியுமா? நூல் பிடிச்ச மாதிரி! அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

தாய் கீரையை ஒதுக்கி வைத்தாள். எழுந்து கையைக் கழுவினாள்.

"உங்க மிஷின் ஓடுதா?"

"என் மிஷினா? ஓடும். ஊசிதான் மழுங்கிட்டு. தையல் விட்டு விட்டு விழுது. மாத்தணும்."

"வாங்க."

கூடத்துக்குப் பக்கத்து அறையில் அந்த மிஷின் தனியாக இருந்தது. செண்பகம் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள். புருஷன் கண்ணை மூடியபின் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது அது. மகளுக்குத் தாலி வாங்கிக் கொடுத்ததும் அது. அடுத்தவள் கை அதன்மேல் பட விடமாட்டாள்.

ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன் மரம் தேய்க்கிற ஓர் உப்புத்தாளை விட்டுப் போயிருந்தான். தாய் அதை எடுத்தாள். சொரசொரப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு மிஷினில் உட்கார்ந்து, தாளை ஊசிக்கு அடியில் வைத்து, மிதித்தாள்.

கரகரவென்று சத்தம் வந்தது.

"ஐயோ! தாயே! என்ன செய்யுதீங்க?"

"ஊசியைக் கூராக்குதேன்."

"நிறுத்துங்க தாயே!"

தாய் நிறுத்தவில்லை. மணல் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

செண்பகம் பாய்ந்தாள். ஓடுகிற சக்கரத்தை வெறுங்கையால் பிடித்து நிறுத்தினாள். உள்ளங்கை சிராய்த்தது. அதைக் கவனிக்க அவளுக்கு நேரம் இல்லை.

"பாழாப் போச்சே! என் மிஷின் பாழாப் போச்சே! வாயில்லாப் பூச்சியை இப்படிப் போட்டு வதைக்கலாமா?"

தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊசி கூராகாதா?"

"ஆகும்! நாலு தையலுக்கு ஆகும்! தூள் பூரா உள்ளல்லா போகுது! ஊசி இறங்குற ஓட்டை வழியா அடியில போயி, எண்ணெயோட ஒட்டிக்கிட்டு, ஒவ்வொரு இரும்பா அராவும். ஊசி போனா வேற ஊசி. மிஷின் போனா நான் எங்க போவேன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான ஓடுது?"

"இன்னைக்குத் தெரியாது தாயே."

"எப்பத் தெரியும்?"

"முதல்ல மிதி கனக்கும். வேற ஒண்ணும் தெரியாது. பிறகு சும்மா சும்மா நூல் அறும். பிறகு ஒரு நாள் அப்படியே நின்னுரும்."

"மிதி கனக்கும்" என்று தாய் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"கூடத்துல இப்ப என்ன சத்தம் கேக்குது செண்பகம்மா?"

செண்பகம் காது கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கூடம்.

"மிஷின் சத்தம்."

"வேற?"

செண்பகம் சுவரோரமாய்ப் போய் நின்று கேட்டாள்.

வேறு எதுவும் இல்லை. அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடம். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு கேலி இல்லை, "ஏட்டி, அந்தக் கத்தரியை இங்க கொடு" என்று ஒரு குரல் இல்லை. முன்பெல்லாம் ஆற்றுத்துறை வரைக்கும் கேட்கும். அது எப்போது நின்றது என்று செண்பகத்துக்கு நினைவு வரவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கூராக்க வேற வழியே இல்லையா?" என்று தாய் கேட்டாள்.

"இருக்கு." செண்பகத்தின் குரல் இறங்கியிருந்தது. "ஊசியைக் கழத்திரணும். மிஷினை விட்டுத் தள்ளி உக்காந்து, சாணைக்கல்லுல சொட்டு எண்ணெய் விட்டு, நுனியை மட்டும் மெதுவாத் தேய்க்கணும். அவசரப்படக் கூடாது. துணியில நல்லாத் துடைச்சிட்டுத்தான் மாட்டணும்."

"அப்படியும் கூராகலைன்னா?"

"தூக்கிப் போட்டுட்டு வேற ஊசி மாட்ட வேண்டியதுதான்."

"முப்பிடாதியைத் தூக்கிப் போட்டுரலாமா?"

செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைக்குத் தான் மருந்து தடவியபோது முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்கலக்கா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

தாய் தேற்றவில்லை.

"பஸ் வர்ற நேரம்" என்றாள்.

செண்பகம் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

ரோட்டோரத்தில் முப்பிடாதி மூட்டையோடு நின்றிருந்தாள். செண்பகத்தைக் கண்டதும் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"முப்பிடாதி! நான் பேசினது பாவம்ட்டி. என்னைய மன்னிச்சிரு."

"சரிக்கா."

"வா, போவோம்."

"இல்லக்கா. நான் போறேன்."

"அங்க போயி மறுபடியும் சூடு வாங்கப் போறியா?"

"கதவை அடைச்சிட்டுத்தான் சூடு வைப்பான். நாலு பேரு பாக்க மாட்டாங்க."

செண்பகம் இன்னும் கிட்டே போனாள்.

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டேனேட்டி! இன்னும் நான் என்ன செய்யணும்?"

முப்பிடாதி சுற்றுமுற்றும் பார்த்தாள். ரோட்டில் ஒரு ஈ காக்கா கிடையாது.

"இங்க யாருமே இல்லையேக்கா. பேசும்போது எல்லாரும் இருந்தாங்கள்லா."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏறுதீங்களா, இல்லையாம்மா?"

செண்பகம் மூட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். மடத்தைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். முப்பிடாதி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

கூடத்துக்குள் செண்பகம் நுழைந்ததும் எல்லா மிதியும் நின்றது.

அவள் நடுவில் போய் நின்றாள். மூட்டையை இறக்கி வைத்தாள். ஒரு வார்த்தையைக் கத்திச் சொல்வது இவ்வளவு சுலபம், அதைத் திரும்ப எடுப்பது இவ்வளவு பாடா!

"எல்லாரும் கேளுங்க. முப்பிடாதிகிட்ட நான் பேசினது தப்பு. அவ கை உழைக்கிற கை. அதுல சூடு வச்சவன் பாவி. அது நியாயம்னு சொன்ன நானும் பாவிதான். அவ போக வேண்டாம். போகணும்னா நான் போறேன்."

வாசலில் முப்பிடாதி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மூலையில் பட்டன் வைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள் எழுந்தாள். அவள் குரலைக் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

"அக்கா, அன்னைக்கு என்கிட்டப் பேசினதுக்கு?" என்று கேட்டாள்.